மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு

நான் முதன்முதலாக ஒயின் வாங்கப் போனது மாநிலம் முழுவதும் மதுவிலக்கு இருந்த காலத்தில். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. புதுக்கோட்டைக்குத் தெற்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு நூற்பு மில்லில் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் வீட்டில் குடிப்பவர்கள் யாரும் கிடையாது. அப்பா கடலை விவசாயம் செய்தார். காப்பியைக்கூட அவர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் குடிப்பார்.

மில்லுக்கு இயந்திரங்கள் இத்தாலியிலிருந்து வந்தன. அவற்றைப் பொருத்திக் கொடுக்க ஓர் இத்தாலிக்காரரும் வந்தார். எல்லோரும் அவரைத் துரை என்றார்கள். தான் ஆங்கிலேயர் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு துரையாகவே இருந்துவிட்டார். அவருடைய ஆங்கிலம் குறைவு. நான் ஆங்கிலம் நிறைய டைப் செய்திருந்தேன், பேசியது குறைவு. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு கடிதத்துக்குப் போதுமானதாக இருக்கும். அதனால் அவருடைய கடிதங்கள் எல்லாம் என்னிடம்தான் வரும்.

வெளிநாட்டுக்காரர்களுக்குக் குடிக்க சர்க்கார் பர்மிட் கொடுத்தது. துரையிடமும் ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை மில் ஜீப்பில் திருச்சிக்குப் போய், லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் வாங்கி வருவார். ஒரு புதன்கிழமை அவர் இயந்திரத்துக்கடியில் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டார். காலில் மாவுக்கட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இயந்திரக் கம்பெனியின் பெரிய வெள்ளைக்கார இன்ஜினியர் பம்பாயிலிருந்து மனைவியோடு சாப்பிட வருவதாக ஏற்பாடு. துரையின் மனைவி இந்தியாவுக்கு வந்தே பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஜீப்பை மேனேஜர் மதுரைக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. பியூனை அனுப்பலாமா என்று யோசித்தார்கள். பியூன்மேல் ஏற்கெனவே ஒரு மதுவிலக்கு வழக்கு இருந்தது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீயே பஸ்ல போயிட்டு வந்துரும்மா. இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு போனாத்தான் சரியா வரும்."

"என்னன்னு கேட்டு வாங்கணும் சார்?"

"அதத் துரை எழுதிக் குடுப்பாரு."

துரை கட்டிலில் படுத்தபடியே எழுதிக் கொடுத்தார். நான்கு பாட்டில். சிவப்பு, வெள்ளை. மீனும் ஆடும். நீ பார்த்து எடு. அவ்வளவுதான் சீட்டில் இருந்தது. எதைப் பார்த்து எடுப்பது என்று கேட்டேன். "சாப்பாட்டைப் பார்த்து" என்றார். அதற்கு மேல் அவரிடம் ஆங்கிலம் இல்லை.

சனிக்கிழமை காலை பர்மிட்டையும், "எனக்குப் பதிலாக இந்தப் பெண் வருகிறாள்" என்று நானே டைப் செய்து துரை கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் எடுத்துக்கொண்டு திருச்சி பஸ் ஏறினேன். வீட்டில், மில் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை என்று பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடை கன்டோன்மென்ட் பக்கம் இருந்தது. வெளியே பார்த்தால் பிஸ்கட் டின்னும் ஜாம் பாட்டிலும்தான் தெரியும். உள்ளே போனால் பின்சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட, பூட்டிய அலமாரிகள். கடையில் ஒரே ஒரு விற்பனையாளர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றி நிறைய விபூதி. பர்மிட்டைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு சிறிய விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"ஆள் அனுப்பலாம்னு போட்டிருக்கு. பொம்பள ஆள் அனுப்பக்கூடாதுன்னு போடல. உக்காருங்க."

உட்கார்ந்தேன். சீட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எதுன்னு நீங்கதாங்க சொல்லணும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்களே நல்லதாப் பாத்து நாலு குடுங்க."

"அது முடியாதுங்க. இது நல்லா இருக்கும், வாங்குங்கன்னு நான் சொன்னா மதுவுக்கு விளம்பரம் பண்ணின மாதிரி ஆயிரும். லைசென்ஸ் போயிரும். நீங்க கேள்வி கேட்டா பதில் சொல்லலாம். நானா ஒண்ணும் சொல்லக்கூடாது."

"நீங்க குடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"ஒரு சொட்டு தொட்டதில்லைங்க. ஆறு வருஷமா வித்துக்கிட்டிருக்கேன். வாங்கறவங்க சொல்றத நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து என் எதிரில் வைத்தார். ஆனால் என்னிடம் கொடுக்கவில்லை. கேள்வி வரட்டும் என்று காத்திருந்தார். நானும் கைப்பையிலிருந்து என் ஷார்ட்ஹேண்ட் புத்தகத்தை எடுத்தேன். இப்படியாக, அதுவரை ஒயினை வாயில் வைக்காத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து அதைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினோம்.

"சிவப்புக்கும் வெள்ளைக்கும் என்னங்க வித்தியாசம்?"

"சிவப்பு, கறுப்பு திராட்சையத் தோலும் கொட்டையுமா ஊறவெச்சுப் பண்றது. வெள்ளை, பழத்தப் பிழிஞ்சு சாறு மட்டும் எடுத்துப் பண்றது. நெறம் தோலுல இருந்துதான் வருது."

அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலைக் காட்டினார்.

"இது மஞ்சளால்ல இருக்கு?"

"பேரு வெள்ளைங்க."

"இனிக்குமா?"

"பழத்துல உள்ள சக்கரை பூராவும் நொதிச்சுப் போச்சுன்னா இனிக்காது. அதுக்கு டிரைன்னு பேரு."

"டிரைன்னா காஞ்சதுங்களா?"

"தண்ணியாத்தாங்க இருக்கும். பேரு டிரை."

எழுதிக்கொண்டேன். சிவப்பில் துவர்ப்பு இருக்கும் என்றார். பால் ஊற்றாத டீயைக் கொதிக்கவிட்டுக் குடித்தால் நாக்கு இழுக்குமே, அந்த மாதிரி என்று ஒரு ரயில்வே அதிகாரி சொன்னதாக நோட்டில் இருந்தது. கொட்டைப்பாக்கை மென்றால் வருவது போலவா என்று கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டிவிட்டு, அதிகாரிகள் யாரும் பாக்கு பற்றிச் சொல்லவில்லை என்றார். வெள்ளையில் துவர்ப்பு இல்லை, புளிப்புத்தான் தூக்கலாக இருக்கும். எலுமிச்சம்பழம் நினைவுக்கு வரும்.

"மீனுக்கு எது?"

"வெள்ளை."

"ஆட்டுக்கறிக்கு?"

"சிவப்பு."

"ஏங்க அப்படி?"

பக்கத்தைப் புரட்டினார். "கொழுப்பு உள்ள கறியத் தின்னா நாக்குல ஒரு வழவழப்பு இருக்கும். துவர்ப்பு அத வழிச்சு விட்டுரும். மீனோட துவர்ப்பு சேந்தா வாயில இரும்பு வாடை அடிக்கும். இது மூணு பேரு சொல்லியிருக்காங்க."

"மீன் கொழம்புன்னா?"

முன்னும் பின்னும் புரட்டினார். "மீனுன்னுதான் இருக்கு."

"எங்க பக்கத்து மீன் கொழம்பு செவப்பா இருக்கும்ங்க. புளி, மொளகாத்தூளு, நல்லெண்ணெய். கண்ணுல தண்ணி வரணும். அதுக்கு எது?"

அவர் நோட்டை மூடிவிட்டார். சாராயச் சத்து அதிகமானால் காரம் இன்னும் எரியும் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. அப்புறம் எனக்கு ஒரு கேள்வி தோன்றியது.

"காரமாச் சாப்பிடறவங்க யாராச்சும் இங்க வாங்குவாங்களா?"

"ஒரு டாக்டர் சம்சாரம். வெள்ளைக்காரம்மா. ஆனா மெட்ராஸ் சமையக்காரர் வெச்சிருக்காங்க."

"அவங்க ரெண்டாந்தடவ வந்தப்ப எதக் கேட்டாங்க?"

அவர் முகம் மலர்ந்ததை அப்போதுதான் பார்த்தேன். எழுந்து போய்க் கீழ்த்தட்டிலிருந்து ஒரு மஞ்சள் நிற பாட்டிலை எடுத்து வந்தார். "இதத்தான் நாலு தடவ வாங்கியிருக்காங்க. டிரை இல்ல. லேசா இனிப்பு நிக்கும்."

அதில் ஒன்று எடுத்துக்கொண்டேன். வெறும் பொரித்த மீனுக்கு என்று டிரை வெள்ளையில் ஒன்று. சிவப்பில் எதை எடுப்பது என்று தெரியாமல், "இருக்கறதுல எத வாங்கக்கூடாது?" என்று கேட்டேன்.

நோட்டை ஒருபக்கம் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதச் சொல்லலாம்ங்க. வேண்டாம்னு சொல்றது மதுவிலக்குக்கு விரோதமில்ல." பிறகு அவர் நிறுத்தவே இல்லை. ஷோகேஸில் வெயில்பட நிற்கும் பாட்டில் வேண்டாம். நிமிர்த்தியே வைத்திருந்தால் கார்க் காய்ந்து காற்றுப் புகுந்துவிடும், படுக்கவைத்ததுதான் வேண்டும். கார்க் மேலே துருத்திக்கொண்டிருந்தால் சூட்டில் கிடந்தது என்று அர்த்தம், தொடவேண்டாம். வெள்ளையில் வருஷம் ரொம்பப் பழசானது வேண்டாம். சிவப்பில் பழசு சிலதுதான் நன்றாக இருக்கும், தெரியாதவர்கள் அந்த வம்புக்கே போகவேண்டாம். லேபிளில் தங்க எழுத்து அதிகமாக இருந்தால் வேண்டாம். இது அவருடைய சொந்தக் கருத்து. அவர் வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் கழித்துப் பார்த்தபோது அலமாரியில் ஒரே ஒரு சிவப்புதான் மிஞ்சியது. அதில் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக, எப்படிப் பரிமாறுவது என்று கேட்டேன்.

"வெள்ளையக் குளுர வெக்கணும். சிவப்பு, ரூம் சூட்டுல இருந்தாப் போதும்."

"எந்த ரூமு?"

"அவங்க ஊரு ரூமுங்க. நம்ம ரூம்ல வெச்சா கசாயம் ஆயிரும்."

நான்கு பாட்டிலையும் வைக்கோலில் சுற்றிக் கித்தான் பையில் வைத்துக் கொடுத்தார். கதவு வரை வந்து, "அந்தக் கொழம்புக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் ஒரு கார்டு போடுங்க" என்றார்.

மத்தியான பஸ். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அந்தச் சத்தம் எந்தப் பாத்திரத்தின் சத்தத்தைப் போலவும் இல்லை. பக்கத்தில் காலிக் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த, கடற்கரை ஊரான கட்டுமாவடி அம்மா ஒருத்தர் முதலில் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கீரனூரில் பஸ் நின்றதும் ஒரு போலீஸ்காரர் ஏறினார். அந்த நாட்களில் கள்ளச் சாராயத்துக்காக பஸ்களில் சோதனை போடுவார்கள். அவர் முன்னால் இருந்த மூட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். என் பையைத் தட்டியதும் அது பதில் சொன்னது.

"என்னம்மா இது?"

"ஒயினுங்க."

எண்ணெய் என்று சொல்லியிருக்கலாம் என்று பின்னால் பலர் சொன்னார்கள். எனக்கு அப்போது தோன்றவில்லை. பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பர்மிட்டையும் கடிதத்தையும் நீட்டினேன். அவர் கடிதத்தைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை, சரியாகத்தான் பிடித்தார். ஆனால் ஆங்கிலம் வராது என்று ஒப்புக்கொண்டார். நானே வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"தொரை குடிக்கிறதுக்கு நீங்க ஏம்மா தூக்கிட்டு வாரீங்க?"

"அவருக்குக் கால் ஒடிஞ்சிருச்சுங்க."

"குடிச்சுட்டு விழுந்தாரா?"

"இல்லங்க. எண்ணெய்ல வழுக்கிருச்சு."

"ஒரு ஆளுக்கு நாலு எதுக்கு?"

விருந்து, சிவப்பில் இரண்டு, வெள்ளையில் இரண்டு என்றேன். ஒரே விருந்துக்கு இரண்டு நிறம் எதற்கு என்றார். அதற்குப் பதில் சொல்ல, மீனுக்கு வேறு, கறிக்கு வேறு என்று ஆரம்பிக்கவேண்டியிருந்தது. ஏன் வேறு என்றார். துவர்ப்பைச் சொன்னேன், இரும்பு வாடையைச் சொன்னேன். தோலோடு ஊறவைப்பதைச் சொன்னேன். டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். பின் சீட்டில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்று சொன்னதால் எழுந்து நின்று சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் என் வாழ்க்கையில் ஐந்து பேருக்கு மேல் யாரும் நான் பேசிக் கேட்டதில்லை. குரல் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கே சரியாக வந்தது.

தள்ளி உட்கார்ந்திருந்த கட்டுமாவடி அம்மா கேட்டார்: "கருவாட்டுக்கு எது ஆத்தா?"

"அதக் கேக்காம வந்துட்டேங்க."

"கேட்டிருக்கணும்ல," என்றார்.

போலீஸ்காரர் பாட்டில்களை வைக்கோலை விலக்கிப் பார்த்தார். அங்கேதான் சிக்கல் வந்தது. கடை ரசீதில் சிவப்பு இரண்டு, வெள்ளை இரண்டு என்று இருந்தது. அது தமிழில் இருந்ததால் அதை மட்டும் அவரால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. பையில் இருந்ததோ சிவப்பு இரண்டு, மஞ்சள் இரண்டு.

"வெள்ளை எங்கம்மா?"

"அதாங்க வெள்ளை."

"எனக்குக் கண்ணு நல்லாத்தாம்மா தெரியுது. எறங்குங்க. ஸ்டேஷனுக்குப் போயி எஸ்.ஐ.கிட்டச் சொல்லுங்க."

ஸ்டேஷன் பக்கத்தில்தான். போலீஸ்காரர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப்பேர் வந்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மஞ்சள் பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பேரு வெள்ளையாம்மா?"

"ஆமாங்க."

பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுப் போலீஸ்காரரிடம் சொன்னார்: "கருப்பட்டி கருப்பாவாய்யா இருக்கு? வெள்ளை, பிராக்கெட்ல மஞ்சள்னு எழுதி அனுப்பு."

எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். பஸ் காத்திருந்தது. பையை என் மடியில் எடுத்துவைத்தவர் கட்டுமாவடி அம்மாதான். புதுக்கோட்டை வரைக்கும் அதன் ஒரு காதை அவரே பிடித்துக்கொண்டு வந்தார்.

நான் பாட்டில்களை மில் குவார்ட்டர்ஸில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. என் ஆத்தா வாசலிலேயே நின்றாள்.

"ஒனக்கு டைப்படிக்கிற வேலதானடி? கீரனூர்ல போலீசு எதுக்குடி ஒன்னயப் புடிச்சுச்சு?"

நடந்ததைச் சொன்னேன். ஆத்தா அழுதாள். அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. கீரனூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் எனக்கு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளர். அவருடைய தாய்மாமா மதுவிலக்குப் பிரசாரக் கமிட்டியில் உறுப்பினர்; சொந்தமாக மெகாபோன் வைத்திருந்தார். அப்பா சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கடலை ஆய உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விருந்து. சமையல்கட்டுக்கும் விருந்தாளிகளுக்கும் நடுவில் மொழிபெயர்க்க நான் இருக்கவேண்டும் என்று துரை சொல்லியிருந்ததால் காலையிலேயே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அங்கே சமையல் செய்தது ஜெகதாப்பட்டினம் பக்கத்துக் கிறிஸ்தவ அம்மா. கடற்கரையிலிருந்து ஐஸில் வைத்து வந்த வஞ்சிரம் மீனைப் பாதி பொரித்தார்கள், பாதி குழம்பு. காரத்தைக் குறைக்கலாமா என்று கேட்டேன். "கொறச்சா அது கொழம்பு இல்லம்மா, மீன் போட்ட தண்ணி," என்றார். நான்கு பாட்டிலையும் வாளியில் வைத்துக் கிணற்றில் இறக்கினோம். சிவப்பை அரைமணிநேரத்தில் எடுத்துவிட்டோம். கார்க்கைப் பிடுங்கும் திருகு துரையிடம் இருந்தது, ஆனால் திருகும்போது அது நெளிந்துபோனது. மில் ஃபிட்டர் ஒருவர் வந்து மரத்தில் போடும் ஒரு திருகாணியைக் கார்க்கில் முறுக்கி, குறட்டால் பிடித்து, நான்கையும் திறந்து கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார். திறந்த ஒவ்வொரு பாட்டிலையும் துரை மூக்கருகே கொண்டுபோனார். என்னிடமும் நீட்டினார். மோந்து பார்த்தேன்.

சாப்பாட்டு மேஜையில் பம்பாய் இன்ஜினியர் முதலில் டிரை வெள்ளையைப் பொரித்த மீனோடு குடித்துவிட்டுத் தலையாட்டினார். அதே கிளாஸோடு குழம்புக்குப் போனார். அவர் மனைவியும் போனார். இரண்டு பேர் முகமும் சுருங்கியது. அந்த அம்மாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். துரை என்னைப் பார்த்தார். நான் லேசாக இனிக்கும் பாட்டிலைக் காட்டினேன். அதை ஊற்றினார்கள். இன்ஜினியர் ஒரு வாய் குழம்பு, ஒரு மிடறு ஒயின், மறுபடி ஒரு வாய் குழம்பு என்று போய்க்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, நிறுத்தவில்லை. காலையில் நான் என் குறிப்பை வாசித்துக் காட்டியிருந்ததால், துரை மட்டும் வேண்டுமென்றே மீனோடு ஒரு மிடறு சிவப்பைக் குடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி "இரும்பு" என்றார். கறி வந்ததும் அதே சிவப்பை இரண்டாவது கிளாஸ் ஊற்றிக்கொண்டார்கள்.

"யார் தேர்ந்தெடுத்தது?" என்று இன்ஜினியரின் மனைவி கேட்டார். துரை கையை நீட்டி என்னைக் காட்டினார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்த ஊரில் படித்தாய் என்றார். புதுக்கோட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் என்றேன். அன்று மாலை கடைக்காரருக்குக் கார்டு எழுதிப் போட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம்தான் அப்பா வாயைத் திறந்தார். நான் கை கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பஸ்ஸுல என்னமோ எந்திரிச்சு நின்னு சொன்னியாமே. என்ன சொன்ன?"

சொன்னேன். போலீஸ்காரரிடம் சொன்ன அதே வரிசையில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தோலோடயா ஊறவெக்கிறாங்ய?"

"ஆமாப்பா."

"அப்ப தோலு நல்லா இருக்கணும். வெயிலு சரியாப் படணும், கடைசில மழை பேயக்கூடாது," என்றார். விவசாயி என்கிற முறையில் அவருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. என்மேல் அவருக்குக் கோபம் இல்லை என்று அப்போது தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. முகம் கழுவிக்கொண்டிருந்ததால் சௌகரியமாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து பத்து நாள் சத்தமே இல்லை. தாய்மாமா இந்தச் சம்பந்தம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். பதினோராவது நாள் மாப்பிள்ளையின் அம்மா தனியாக பஸ் ஏறி வந்து இறங்கினார். உள்ளே வந்து உட்கார்ந்து, ஆத்தா கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, நீ அதக் குடிச்சியா?"

"இல்லங்க."

"மோந்து பாத்தியா?"

ஆத்தா அடுப்படியிலிருந்து தலையை ஆட்டிச் சைகை காட்டினாள். நான் "பாத்தேங்க" என்றேன்.

"எப்படி இருந்துச்சு?"

"செவப்பு, நாவப்பழம் கனிஞ்சு மரத்தடில விழுந்து கெடக்கும்ல, அந்த வாசம். இன்னொண்ணு எலுமிச்சந்தோல நகத்தால கீறுன மாதிரி."

அந்த அம்மா தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு என் அப்பாவிடம் சொன்னார்: "மோந்து பாக்கலன்னு சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன். நாலு பாட்டில மடியில வெச்சுக்கிட்டு வந்தவ மோந்துகூடப் பாக்காம இருப்பாளா? பொய் சொல்ற பொண்ணு எனக்கு ஆகாது. தேதி பாருங்க."

கல்யாணம் வைகாசியில் நடந்தது. தாய்மாமா வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். மெகாபோனையும் எடுத்து வந்தார். தாலி கட்டி முடிந்ததும் மதுவின் தீமைகளைப் பற்றி முக்கால் மணிநேரம் பேசினார். இலை போட்டு, சோறு ஆறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று தெரியும் என்பதால் நான் குனிந்த தலை நிமிரவில்லை. என் கணவர், "இன்னும் கல்லீரல் வரல. அது வந்துட்டா முடிச்சுருவாரு," என்று மெதுவாகச் சொன்னார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கல்லீரல் வந்தது, முடித்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு கீரனூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் மில்லுக்குப் போய்வந்தேன். துரையின் கால் சரியாகிவிட்டது. ஆனாலும் மாதம் ஒருமுறை கடைக்கு என்னையே அனுப்பினார். பர்மிட்டில் என் பெயரையும் ஆள் என்று சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் போலீஸ்காரர் பையைத் தட்டுவதை விட்டுவிட்டார். இந்த மாதம் கறியா, மீனா என்று மட்டும் விசாரிப்பார். கடைக்காரர் என் கார்டை நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். மீன் குழம்பு என்று ஒரு தனிப் பக்கம் போட்டிருந்தார். கருவாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, காலியாக விட்டிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து, துரை ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய வாரம், அவர் மனைவி என்னையும் சமையல் அம்மாவையும் உட்காரவைத்து ஆளுக்கு இரண்டு கரண்டி ஊற்றிக் கொடுத்தார். ஒரு கரண்டி சிவப்பு, ஒரு கரண்டி வெள்ளை. சமையல் அம்மா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டு, "மருந்துதான்," என்றார். நான் சிவப்பை நாக்கில் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன். கொட்டைப்பாக்கு என்று நான் முதல் நாள் கேட்டது சரி. ரயில்வே அதிகாரி சொன்ன டீயும் சரி. வெள்ளையில் எலுமிச்சை இருந்தது, ஆனால் பின்னால் லேசாக ஒரு பச்சை மாங்காயும் இருந்தது. அதை யாரும் எழுதியிருக்கவில்லை. பிடித்ததா என்று கேட்டால், பிடிக்கவில்லை. ஆனால் மாங்காயைக் கண்டுபிடித்ததில் ஒரு சந்தோஷம் இருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சங்கத்து லெட்ஜரை மூடிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தன கரண்டி?"

"ரெண்டு."

"மாமாகிட்டச் சொல்லாத," என்றார். பிறகு, "பச்ச மாங்காயா?" என்று கேட்டார். மறுபடி லெட்ஜரைத் திறந்துகொண்டார்.

துரையும் அவர் மனைவியும் போன பிறகு, கோயம்புத்தூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர். மோர் குடிப்பார். அதே மாதம் மில்லில் மூன்றாவது ஷிப்ட் ஆரம்பித்தார்கள். புது ஆட்களுக்கு உத்தரவுக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் டைப் செய்யவேண்டியிருந்தது. அப்போது எனக்கு ஆறு மாதம். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் நானே அடித்து முடித்தேன்.